போடிமெட்டில் வெடித்த டியூப்: ஓர் இறக்கத்தின் நிகழ்வு ஆய்வு

தேனிப் பக்கத்தில் கணவாய் என்ற சொல் பேச்சில் அவ்வளவாக வராது. மெட்டு என்பார்கள். போடிமெட்டு, கம்பம்மெட்டு, சாக்கலூத்து மெட்டு. சமவெளியில் நின்று மேற்கே பார்த்தால் மலை சுவர் மாதிரி நிற்கும். அந்தச் சுவரின் விளிம்பில் கொஞ்சம் தணிந்த இடம்தான் மெட்டு. பாலக்காட்டுக் கணவாய் இரண்டு மலைகளுக்கு நடுவே அகலமாகத் திறந்து கிடக்கும் வாசல். ரயிலும் லாரியும் அலுங்காமல் போகும். மெட்டு அப்படி இல்லை. சுவரேறிக் குதிப்பது மாதிரி, ஆனால் குதிக்க மறுபக்கம் அவ்வளவு பள்ளம் கிடையாது. மேலே ஏறினால் அங்கேயே இன்னொரு நாடு தொடங்கிவிடும், ஏலத்தோட்டமும் தேயிலையும் பனியுமாக. அதனால் பெரிய ஏற்றம் ஒரே பக்கத்தில் இருக்கிறது. திரும்பி வருகிறவருக்குப் பெரிய இறக்கமும் அதே பக்கத்தில்தான்.

மலையடிவாரத்து முந்தல் சோதனைச் சாவடியிலிருந்து போடிமெட்டு வரை ஏறக்குறைய 20 கி.மீ. சாலை, 17 கொண்டை ஊசி வளைவுகள். இந்த 20 கி.மீ.க்குள் சுமார் 1,000 மீட்டர் உயரம் ஏறுகிறோம். கொச்சியிலிருந்து தொண்டி வரை வரும் தேசிய நெடுஞ்சாலை 85-இன் ஒரு துண்டு இது. சைக்கிள்காரர்களுக்கு இந்தச் சாலை ஒரு பரிசு. சராசரி சரிவு நூற்றுக்கு ஐந்து. மூச்சு முட்டும், ஆனால் இறங்கித் தள்ள வைக்காது. ஒவ்வொரு வளைவிலும் கீழே போடி ஊர் சிறிதாகிக்கொண்டே போவதைப் பார்க்கலாம். எட்டாவது, ஒன்பதாவது வளைவுக்கு மேல் காற்றின் வாசனையே மாறிவிடும்.

நாங்கள் மூன்று பேர் பொங்கல் முடிந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை அதில் ஏறினோம். இறங்கும்போது ஒருவன் விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டான். அது ஏன் நடந்தது என்று அடுத்த இரண்டு மாதம் தோண்டிப் பார்த்தோம். அன்று ராத்திரி நாங்கள் நினைத்த காரணம் தவறு. மலைச்சாலைகளில் சைக்கிள் ஓட்ட இப்போது நிறையப் பேர் கிளம்புகிறார்கள். அவர்களுக்கு உதவும் என்பதால் நடந்ததை முழுதாக எழுதுகிறேன்.

ஆட்களும் வண்டிகளும்

மூவரும் மதுரைக்காரர்கள். மூத்தவருக்கு ஐம்பதை ஒட்டிய வயது. அவரை அண்ணன் என்றே எழுதுகிறேன். அவர் வண்டி டிஸ்க் பிரேக் போட்டது, கனமானது, தடித்த டயர். இளையவனுக்கு 23 வயது. தம்பியின் வண்டி ரோடு பைக், 25 மி.மீ. டயர், பிரேக் கட்டை ரிம்மையே, அதாவது சக்கரத்தின் உலோக வளையத்தையே, கவ்விப் பிடிக்கும் வகை. என் வண்டியும் அதே வகைதான், கொஞ்சம் பழசு. தம்பிதான் எங்களில் வேகமானவன், ஏற்றத்தில் எங்களை விட்டுவிட்டு முன்னால் போய் ஒரு வளைவில் உட்கார்ந்து கடலை மிட்டாய் தின்றுகொண்டிருப்பான். அவனுக்கு ஏதாவது ஆகும் என்று நாங்கள் இருவரும் யோசிக்கவே இல்லை. கவலை எல்லாம் அண்ணனின் மூச்சைப் பற்றித்தான்.

தயாரிப்பு என்று நாங்கள் செய்தது முழுக்க ஏற்றத்துக்கு. ஒரு மாதம் அழகர்கோவில் மலைப்பாதையில் பழகினோம். பின்னால் பெரிய பல்சக்கரம் மாற்றினோம். எவ்வளவு தண்ணீர், எத்தனை வாழைப்பழம், எந்த வளைவில் ஓய்வு என்று தாளில் எழுதினோம். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதில் இறக்கத்தைப் பற்றி ஒரே ஒரு வரி: ‘10.30-க்கு கிளம்பினால் 11.30-க்கு முந்தல்.’

அன்றைய நாள்

முந்தின நாளே போடிக்கு வந்து தங்கிவிட்டோம். காலை 5 மணிக்குக் கிளம்பினோம், இருட்டில், முன்னும் பின்னும் விளக்கோடு. சீக்கிரம் கிளம்ப இரண்டு காரணம். மலை போடிக்கு மேற்கே இருப்பதால் இந்தச் சரிவு கிழக்கைப் பார்த்தது. சூரியன் வந்துவிட்டால் நேராக முதுகில் அடிக்கும். இன்னொன்று, ஜீப்புகள். போடியிலிருந்தும் சுற்றுப்பட்ட ஊர்களிலிருந்தும் ஏலத்தோட்ட வேலைக்கு ஆட்களை, பெரும்பாலும் பெண்களை, ஏற்றிக்கொண்டு விடியற்காலையில் ஜீப்புகள் வரிசையாக மேலே போகும். வேலை நேரத்துக்கு ஆட்களைக் கொண்டு சேர்க்க வேண்டும் என்பதால் ஓட்டுநர்கள் வளைவுகளில் தயங்குவதே இல்லை. முந்தலைத் தாண்டி நான்கைந்து வளைவு போவதற்குள் அவை எங்களைக் கடந்து போயின. உள்ளே தூக்குச்சட்டியை மடியில் வைத்தபடி பெண்கள். சிலர் கையசைத்தார்கள்.

ஏற்றம் நன்றாகவே போனது. 9.15-க்கு மூவரும் மேலே சேர்ந்தோம். பனி விலகி, கீழே சமவெளி துண்டு துண்டாகத் தெரிந்தது. அங்கே நின்றபோது உண்டான சந்தோஷத்தைக் குறைத்துச் சொல்ல விரும்பவில்லை. இத்தனை வருடத்தில் கால்களால் சம்பாதித்த மிகப் பெரிய காட்சி அதுதான்.

அந்தச் சந்தோஷத்தில்தான் திட்டம் மாறியது. 10.30-க்கு இறங்க வேண்டியவர்கள், “இவ்வளவு தூரம் வந்தாச்சு, பூப்பாறை வரை போய்ச் சாப்பிட்டு வரலாம்” என்று கேரளப் பக்கத்து அந்த ஊருக்குக் கிளம்பினோம். மூணாறு பக்கத்துச் சாலையை அகலப்படுத்தி நன்றாகப் போட்டிருக்கிறார்கள். சக்கரம் தானாக உருண்டது. போவது இறக்கம், திரும்புவது ஏற்றம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்த ஏற்றம் எங்களைப் பிழிந்துவிட்டது. போடிமெட்டுக்குத் திரும்பி வந்தபோது மணி 2.45. டீ குடித்தோம். தம்பி இரண்டு டயரையும் அமுக்கிப் பார்த்து, “காத்து கம்மியா இருக்குண்ணே” என்று சொல்லிக் கைப்பம்பால் அடித்தான். 110 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) வரை ஏற்றினான். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருந்த மேல் வரம்பு 116.

3.20-க்கு இறங்கத் தொடங்கினோம். இந்த நேரத்துக்குச் சூரியன் மலைப்பக்கம் சாய்ந்துவிடும். சாலையில் அங்கங்கே நிழல், ஆனால் எதிரே வானமும் சமவெளியும் பளீரென்று இருக்கும். கண் அந்த வெளிச்சத்துக்குப் பழகிவிடுவதால் நிழலில் கிடக்கும் குழியும் கல்லும் தெரியாது. பயத்தில் மூவரும் பிரேக்கை விடவே இல்லை. இதற்குள் தோட்ட வேலை முடிந்து ஜீப்புகள் திரும்பத் தொடங்கியிருந்தன. காலையில் எங்களைக் கடந்து மேலே போனவை இப்போது எங்களுக்குப் பின்னால் ஹாரன் அடித்தபடி வந்தன. மெதுவாகப் போனால் பின்னால் வண்டி நெருக்குகிறது. வேகமாகப் போனால் வளைவு மிரட்டுகிறது. ஆக 20 கி.மீ. வேகத்தில், இரண்டும் கெட்டானாக, பிரேக்கைப் பிடித்தபடியே அரை மணி நேரம் இறங்கினோம். எங்கும் நிற்கவில்லை. இருட்டுவதற்குள் போடி போய்ச் சேர வேண்டும் என்ற எண்ணம் வேறு.

3.50 இருக்கும். பாதிச் சாலை முடிந்திருந்தது. ஒரு கொண்டை ஊசி வளைவுக்கு முன்னால் ஜீப் ஒன்றுக்கு வழிவிட தம்பி ஓரம் கட்டி, நடக்கும் வேகத்துக்குக் குறைத்தான். ஜீப் கடந்தது. அடுத்த சில நொடியில் வெடிச் சத்தம். பட்டாசு என்று நினைத்தேன். அவனுடைய பின்சக்கரம் இடப்பக்கம் வழுக்கிக்கொண்டு போக, கையை ஊன்றி விழுந்தான்.

வேகம் இல்லாததால் தலைக்கு ஒன்றும் இல்லை. ஹெல்மெட்டில் கீறல்கூட விழவில்லை. இடது மணிக்கட்டு மட்டும் பார்க்கும்போதே வீங்கியது. போனில் சிக்னல் இல்லை. கடந்து போன ஜீப் சத்தம் கேட்டு நின்றது. பின்னால் வந்த ஜீப்பும் நின்றது. முதல் ஜீப்பிலிருந்து நான்கைந்து பெண்கள் இறங்கி வந்தார்கள். அவர்களில் வயதான ஒரு அம்மா அவனைப் பார்த்து, “கைய அசைக்காத சாமி, அப்படியே மடியில வையி” என்றார். தன் தலையில் கட்டியிருந்த துண்டை உதறி எடுத்தார். தம்பியின் கைப்பம்பையே முழங்கையிலிருந்து உள்ளங்கை வரை முட்டுக்கொடுத்து வைத்து, துண்டால் சுற்றி, கழுத்தில் தொங்குகிற மாதிரி கட்டினார். நாங்கள் முதலுதவிப் பெட்டியைத் திறந்து தேடி முடிப்பதற்குள் கட்டி முடித்துவிட்டார். தோட்டத்தில் அடிபடுகிறவர்களுக்குக் கட்டிப் பழகிய கை என்று பார்த்ததும் தெரிந்தது.

சைக்கிளை ஜீப்பின் மேலே போட்டுக் கட்டினார்கள். ஏற்கெனவே நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தவர்கள் இன்னும் நெருங்கி அவனுக்கு இடம் கொடுத்தார்கள். ஏறும் முன் அந்த அம்மா என்னைப் பார்த்துச் சொன்னது இன்றும் காதில் இருக்கிறது: “எறக்கத்துலதான்ப்பா எல்லாரும் விழுறாக. ஏறையில யாரு விழுந்தா?”

மருத்துவமனையில் படம் எடுத்துப் பார்த்து, முறிவு என்று சொல்லி மாவுக்கட்டு போட்டார்கள். ஆறு வாரம்.

முதலில் நினைத்த காரணம்

அன்று ராத்திரி மூவரும் ஒரே முடிவுக்கு வந்தோம்: டியூப் மட்டம், அல்லது முள். மதுரைக்கு வந்து சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தபோது அந்த முடிவு நிற்கவில்லை. டயரில் முள்ளோ கண்ணாடித் துண்டோ இல்லை, வெட்டும் இல்லை. டியூப் கிழிந்திருந்தது வெளிப்பக்கம் அல்ல, உட்பக்கம், ரிம்மைத் தொட்டுக் கிடக்கும் பக்கம். விரல் நீளத்துக்கு வாய் பிளந்திருந்தது. ஸ்போக்ஸ் கம்பிகளின் தலை டியூபில் குத்தாமல் இருக்க ரிம்மின் உள்ளே ஒட்டும் பட்டை அங்கங்கே இளகி, ஒரு ஓரமாக நகர்ந்திருந்தது. பின்பக்கத்துப் பிரேக் கட்டைகள் கண்ணாடி மாதிரி வழவழவென்று ஆகியிருந்தன. முன்பக்கத்துக் கட்டைகள் கிட்டத்தட்டப் புதிது.

அந்தக் கடைசி வித்தியாசம்தான் எங்களை நிறுத்தி யோசிக்க வைத்தது. தம்பியிடம் கேட்டேன். “முன் பிரேக்க நான் தொடவே மாட்டேண்ணே. தலகுப்புற விழுந்துருவோம்ல” என்றான்.

யாருக்குத்தான் அப்படிச் சொல்லித் தரவில்லை? வாடகை சைக்கிளில் குரங்குப் பெடல் பழகிய காலத்திலிருந்து நம் எல்லோருக்கும் முதலில் சொல்லப்படுவது ‘முன் பிரேக்கப் பிடிக்காத’ என்பதுதான். தட்டையான தெருவில் அந்த அறிவுரையால் பெரிய கெடுதல் இல்லை. இறக்கத்தில் கெடுதல். இறங்கும்போது உடலின் எடை முன்சக்கரத்தின் மேல் சாய்கிறது. பின்சக்கரம் லேசாகிவிடுவதால் பின் பிரேக்குக்குப் பிடிமானம் குறைவு. அதை வைத்தே வண்டியைக் கட்டுப்படுத்த வேண்டும் என்றால் விடாமல் பிடிக்க வேண்டியிருக்கிறது. இரண்டு ரிம்கள் பகிர்ந்து தாங்க வேண்டிய சூடு முழுவதும் ஒரே ரிம்மில் போய்ச் சேருகிறது.

எவ்வளவு சூடு?

இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பள்ளிக்கூட இயற்பியல் போதும். தம்பி, சைக்கிள், பை, தண்ணீர் எல்லாம் சேர்த்து 90 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 1,000 மீட்டர் உயரத்திலிருந்து கீழே வருவதற்குள் அந்த 90 கிலோ இழக்க வேண்டிய ஆற்றல் சுமார் 8.8 லட்சம் ஜூல். வீட்டில் குடத்தில் இருக்கும் தண்ணீர் 3 லிட்டரைக் கொதிக்க வைக்க இது போதும். ஏறும்போது வாழைப்பழமும் கடலை மிட்டாயும் தின்று சேர்த்த ஆற்றல்தான் இது, இப்போது வெளியேற வழி தேடுகிறது. வழிகள் மூன்றே: காற்றின் எதிர்ப்பு, டயரின் உராய்வு, பிரேக். முதல் இரண்டும் எடுத்துக்கொண்டதுபோக மீதி எல்லாம் ரிம்முக்கு.

இங்கேதான் நான் எதிர்பார்க்காத ஒன்று வந்தது. நூற்றுக்கு ஐந்து சரிவில், மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் இறங்கினால் பிரேக்குக்குள் போகும் ஆற்றல் ஏறக்குறைய 175 வாட். 10 கி.மீ. வேகத்தில் இறங்கினால் 100 வாட்தான். இது புரிகிறது, மெதுவாக இறங்கினால் சூடும் மெதுவாக உண்டாகும். ஆனால் 40 கி.மீ. வேகத்திலும் ஏறக்குறைய அதே 100 வாட்தான், காரணம் அந்த வேகத்தில் பாதிக்கு மேல் காற்றே விழுங்கிவிடுகிறது. கூடவே ரிம்மின் மேல் வீசும் காற்றும் அதிகம். ஆக, பிரேக்குக்கு மிக மோசமான வேகம் நடுவில் இருக்கிறது. 20, 25. பயந்த மனிதர் எல்லாரும் ‘பாதுகாப்பாக’ என்று தேர்ந்தெடுக்கும் வேகம் அதுதான். நாங்கள் அரை மணி நேரம் இறங்கிய வேகமும் அதுதான்.

அரைக் கிலோ அலுமினிய ரிம்மில் 175 வாட்டைத் தொடர்ந்து ஊற்றினால், குளிர்விக்கக் காற்றே இல்லை என்று வைத்தால், நான்கரை நிமிடத்துக்குள் 100 டிகிரி ஏறிவிடும். ஓடும் சைக்கிளில் காற்று வீசிக்கொண்டே இருப்பதால் அவ்வளவு சீக்கிரம் ஏறாது. ஏறும் சூடும் ஆறும் சூடும் ஒரு புள்ளியில் சமமாகி நிற்கும். அப்படியென்றால் அந்தச் சமநிலை எப்போது கெடும்? வண்டி நிற்கும்போது. காற்று நின்றுவிடுகிறது, ரிம்மில் தேங்கிய சூடு வெளியே போக வழியில்லாமல் உள்ளே டியூபுக்குப் போகிறது. தம்பியின் டியூப் ஓடும்போது வெடிக்கவில்லை. ஓரம் கட்டி மெதுவானபின்தான் வெடித்தது.

மேலே அடித்த 110 பிஎஸ்ஐ காற்றையும் இதோடு சேர்க்க வேண்டும். டியூபுக்குள் இருக்கும் காற்று 20 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குப் போனால் அந்த 110, சுமார் 127 ஆகிவிடும். டயரின் வரம்பு 116. வரம்பைக் கொஞ்சம் தாண்டியதால் மட்டும் டயர் வெடிப்பதில்லை, தயாரிப்பாளர்கள் இடம் விட்டுத்தான் வைத்திருப்பார்கள். ஆனால் இளகிப்போன ரப்பர், நகர்ந்துவிட்ட பட்டை, கூடிய அழுத்தம் மூன்றும் ஒரே இடத்தில் சந்தித்துவிட்டன. டீக்கடையில் ‘காத்து கம்மி’ என்று அடித்தது நல்ல எண்ணத்தில் செய்த வேலை. இறக்கத்துக்கு முன் கொஞ்சம் குறைத்திருக்க வேண்டும்.

டியூப் எப்படி வெடித்தது என்பதற்கு இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நிகழ்வின் காரணம் இதோடு முடிகிறது என்று நான் நினைக்கவில்லை. பின்னோக்கிப் போனால் எல்லாம் பூப்பாறைச் சாப்பாட்டில் போய் நிற்கிறது. 10.30-க்கு இறங்கியிருந்தால் சாலையில் வெளிச்சம் இருந்திருக்கும். பின்னால் ஜீப்புகள் இருந்திருக்காது. நினைத்த இடத்தில் நின்று ஓய்வெடுக்கலாம். கையில் வலு இருந்திருக்கும். அந்த ஒரு முடிவு நான்கு பாதுகாப்புகளை ஒரே சமயத்தில் எடுத்துவிட்டது. அதை எடுத்தபோது மூவரும் பேசியது ஒன்றுதான்: திரும்பி ஏறக் காலில் தெம்பு இருக்கிறதா? இறங்கத் தெம்பு வேண்டும் என்பது யாருக்கும் தோன்றவில்லை.

பக்கத்துச் சரிவு

தம்பி குணமாகும் வரை சைக்கிளை விட்டுவிட்டு, பக்கத்திலேயே இருக்கும் இன்னொரு பழைய வழியான குரங்கணி – டாப் ஸ்டேஷன் பாதையைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். அங்கேயும் இதே கேள்விதான் என்பது ஆச்சரியமாக இருந்தது. மூணாறு பக்கத்துத் தேயிலையை வெள்ளைக்காரத் தோட்டக் கம்பெனிகள் சமவெளிக்குக் கொண்டுவர வேண்டும். குண்டளைப் பள்ளத்தாக்கில் 1902-இல் ஒற்றைத் தண்டவாள வண்டி ஓட்டினார்கள். 1908-இல் அதை எடுத்துவிட்டுக் குறுகிய ரயில் பாதை போட்டார்கள். அது வந்து நின்ற இடம்தான் டாப் ஸ்டேஷன். அங்கிருந்து கீழே ரயில் போட முடியவில்லை, வண்டிப்பாதையும் போதவில்லை. கம்பிவடம் கட்டித் தேயிலைப் பெட்டிகளைத் தொங்கவிட்டு ஏறக்குறைய 5 கி.மீ. கீழே கொட்டகுடிக்கு இறக்கினார்கள். அங்கிருந்து மாட்டுவண்டியில் போடிக்கு. மலைக்கு மேலே ரயிலே ஓட்டியவர்கள், விளிம்புக்கு வந்ததும் சக்கரத்தை நம்பாமல் கயிற்றை நம்பினார்கள். 1924-ஆம் ஆண்டு வெள்ளம் அந்த ரயில் பாதையை அழித்தது. டாப் ஸ்டேஷன் என்ற பெயர் மட்டும் நிற்கிறது.

அதே குரங்கணிச் சரிவில்தான் 2018 மார்ச் 11-ஆம் தேதி காட்டுத்தீ நடந்தது. கொழுக்குமலைப் பக்கமிருந்து குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்தவர்களைத் தீ சூழ்ந்தது. 23 பேர் இறந்தார்கள். இதை எங்கள் டியூப் கதையோடு ஒப்பிடுவது சரியில்லை. அது ஊரையே உலுக்கிய துயரம். ஆனாலும் மெட்டில் நடக்கிறவர்கள் அதிலிருந்து தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. கோடையில் மத்தியானத்துக்குப் பிறகு சரிவு சூடாகி, காற்று பள்ளத்தாக்கிலிருந்து மேல்நோக்கி வீசும். காய்ந்த புல்லில் பிடித்த தீ மேட்டை நோக்கித்தான் ஓடும், அதுவும் சரிவு கூடக்கூட வேகமாக. சுடர் சாய்ந்து மேலே இருக்கும் புல்லை முன்கூட்டியே உலர்த்திவிடும். சரிவில் மேலிருந்து கீழே வருகிறவரும் கீழிருந்து மேலே வரும் தீயும் எதிரெதிராக வருகிறார்கள். அதற்குப் பிறகு மலையேற்றத்துக்கு அரசு தனி விதிகள் கொண்டுவந்தது. இப்போது வனத்துறையின் அனுமதியும் வழிகாட்டியும் இல்லாமல் போக முடியாது. கோடைத் தீக்காலத்தில் பாதைகளை மூடிவிடுகிறார்கள். மூடியிருக்கிறது என்று எரிச்சல்படுகிற நண்பர்கள் எனக்கும் உண்டு. நான் அந்தப் பூட்டின் பக்கம்தான் நிற்கிறேன்.

திரும்பவும் அதே சாலை

மாவுக்கட்டு பிரித்து மூன்று வாரம் கழித்து, தம்பியே “போலாம்ணே” என்றான். குரங்கணி மூடியிருந்த காலம் அது. போடிமெட்டுக்கே மறுபடியும் போனோம். இந்தத் தடவை தாளில் ஏற்றத்துக்கு இரண்டு வரிதான். மீதியெல்லாம் இறக்கம்.

முந்தின வாரம் தம்பியை ஒரு காலி மைதானத்துக்குக் கூட்டிப்போய் முன் பிரேக்கைப் பழக்கினேன். உடம்பைப் பின்னுக்குத் தள்ளி, சீட்டுக்கு மேலே லேசாக எழும்பி, நேராக ஓடும்போது மட்டும், முன்னும் பின்னும் சேர்த்து அழுத்தி விட வேண்டும். வளைவுக்குள் நுழைவதற்கு முன்பே வேகத்தை முடித்துவிட வேண்டும். இருபது வருடப் பயம் ஒரு மணி நேரத்தில் போகாது. மூன்று மாலை ஆனது. ரிம்மின் உள்பட்டையைச் சூடு தாங்கும் துணிப்பட்டையாக மாற்றினோம். பிரேக் கட்டைகள் புதிது. 25-க்குப் பதில் 28 மி.மீ. டயர், 85 பிஎஸ்ஐ காற்று. மேலே பூப்பாறை இல்லை.

9 மணிக்கு மேலே போய், டீ குடித்து, 9.40-க்கே இறங்கத் தொடங்கினோம். வெயில் சாலை முழுக்க விழுந்து குழியெல்லாம் தெளிவாகத் தெரிந்தது. வேகம் 10, 12. அதற்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டோம். 40 கி.மீ. வேகத்தில் ரிம் குளிர்ச்சியாக இருக்கும் என்ற கணக்கு எனக்குத் தெரியும். மறுபக்கம் தெரியாத வளைவுகளில், எதிரே லாரி ஏறி வரும் சாலையில், எங்களைப் போன்றவர்களுக்கு அந்தக் கணக்கு கூடாது. இரண்டு வளைவுக்கு ஒருமுறை அகலமான ஓரத்தில் நின்றோம், ரிம் சூடாவதற்கு முன்பே. நின்ற இடத்தில் எல்லாம் ஒரு சோதனை: பாட்டில் மூடியில் தண்ணீர் எடுத்து ரிம்மில் ஒரு சொட்டு விடுவது.

சோதனைக்காக ஒரே ஒரு நேரான இறக்கத்தில் பழைய மாதிரி பின் பிரேக்கை மட்டும் விடாமல் பிடித்து நான் இறங்கிப் பார்த்தேன், ஐந்து நிமிடம். நின்று சொட்டு விட்டதும் தோசைக்கல் மாதிரி ‘சுர்’ என்றது. அண்ணன் ஒன்றும் பேசாமல் தம்பியின் மணிக்கட்டைப் பார்த்தார். அங்கேயே இருபது நிமிடம் உட்கார்ந்து ரிம் ஆறியபின்தான் கிளம்பினோம்.

ஜனவரியில் அவன் விழுந்த வளைவிலும் நின்றோம். சாலையில் ஒரு தடமும் இல்லை. அந்த அம்மாவின் துண்டைத் துவைத்து மடித்துப் பையில் கொண்டுவந்திருந்தோம். காலையில் ஏறும்போது கடந்துபோன ஒவ்வொரு ஜீப்பிலும் தம்பி முகம் தேடினான். ஒன்றும் நிற்கிற நேரம் இல்லை அது. இரண்டாவது டீக்கு நின்ற இடத்தில் ஓட்டுநர் ஒருவரிடம் கேட்டபோது, “எந்தம்மான்னு சொல்றது? எல்லாரும்தான் துண்டு கட்டிருப்பாக” என்றார். துண்டை அவரிடம் கொடுக்க மனம் வரவில்லை, பையிலேயே வைத்துக்கொண்டோம்.

முந்தலுக்கு வந்தபோது மணி 12. ஜனவரியில் ஒரு மணி நேரம் என்று எழுதி வைத்த இறக்கத்துக்கு இரண்டே கால் மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. சாவடிக்குப் பக்கத்தில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு தம்பி பாட்டில் மூடியில் தண்ணீர் எடுத்தான். பின்பக்க ரிம்மில் ஒரு சொட்டு, முன்பக்க ரிம்மில் ஒரு சொட்டு. இரண்டும் சத்தமில்லாமல் வழிந்து மண்ணில் விழுந்தன.